ஒன்று இருபத்திரண்டுக்கு உச்சிப்பொழுது

உடம்பு தன் கணக்கை மூடிய வருஷம்
நிலவிடம் ஒரு கணக்குத் திறந்தேன்.
ஐம்பத்திரண்டு வயது.
பீச் ஸ்ட்ரீட்டில் கப்பல் கம்பெனி.
மாதக் கடைசி என்றால் ராத்திரி எட்டு வரை
இன்வாய்ஸும் ஏர்கோனும் நானும்.
முப்பதா முப்பத்தொன்றா என்று
முஷ்டி மடக்கிக் கணுக்களில் எண்ணுகிற மாதங்கள்
யாருக்காக நீள்கின்றன, யாருக்காகக் குறைகின்றன,
இத்தனை வருஷம் நான் கேட்டதில்லை.

மளிகைக் கடையில் கடன் எழுதும் குட்டிப் புத்தகம்,
அட்டையில் மூன்று ஐந்து போட்டது.
அதில் கோடு போட்டேன், முப்பது திதிக்கு.
திதிக்கு ஒரு வரி, அதற்கு மேல் இல்லை.

சஷ்டி. லிஃப்ட் பழுது. படி ஏற ஏறக் கோபம் இறங்கியது.
தசமி. யாரையும் நினைக்கவில்லை.
சதுர்த்தசி. பொய் சொன்னேன், தேவையே இல்லாமல்.

கிள்ளானிலிருந்து தங்கச்சி கேட்கிறாள்,
"இது எந்தச் சாமியார் ஆரம்பிச்சது?"
யாரும் இல்லடி.
"பின்ன கோயில் காலண்டர் பத்தலையா?"
நல்ல காலண்டர்தான்.
ராகுகாலம், எமகண்டம், நகைக்கடைப் படம், எல்லாம் உண்டு.
இன்றைக்கு எதைத் தொடாதே என்று சொல்லும்.
நேற்று என்ன செய்தாய் என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.

அமாவாசைக்கு சைவம்,
கிம்பர்லி தெருவில் ஊய் கடையில்.
அன்றைக்கு அவருக்கும் கூட்டம்.
"சத்து ஹரிபூலான்" என்கிறார், ஒரு விரல் நீட்டி.
அவருக்குத் தேதி ஒன்று.
என் புத்தகத்தில் முப்பது.
ஒரே இருட்டு; அவர் திறக்கிறார், நான் மூடுகிறேன்.
நடுவில் ஒரு தட்டுச் சோறு, தவ்வு, கங்கோங் கீரை,
ஆறு வெள்ளி ஐம்பது.

சூரியனுக்கு இரண்டே நாள் வைத்திருக்கிறேன்,
பங்குனி இருபது வாக்கில் ஒன்று,
ஆவணி இருபத்துமூன்று வாக்கில் ஒன்று.
அன்றைக்குப் பினாங்கின் உச்சந்தலைக்கு நேரே வந்து
எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்.
பன்னிரண்டு மணிக்கு வராது.
இந்த ஊர்க் கடிகாரம் வானத்தோடு கோபித்துக்கொண்டு
எப்போதோ தனிக்குடித்தனம் போய்விட்டது.
ஒன்று இருபத்திரண்டுக்கு.

லீவு பாரத்தில் காரணம் என்ற கட்டத்தில்
பண்டிகை என்று எழுதினேன்.
"எந்தப் பண்டிகை?" என்றாள் ஜெஸ்லின்,
பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டு.
அரை நாள், சம்பளமில்லாமல்.

கார் பார்க்கில்
தண்ணீர்ப் போத்தலை நிறுத்திவைத்துக் குந்தினேன்.
காவலுக்கு நிற்கும் தில் பகதூர் வந்து குனிந்தான்.
அவன் ஊரில் இது இரண்டாயிரத்து எண்பத்தொன்று,
இன்னும் பத்து நாளில் எண்பத்திரண்டு.
எதிர்காலத்திலிருந்து வந்தா
எங்களுக்குக் கேட் திறக்கிறாய் என்றேன்.
புரியாமல் சிரித்தான்.

ஒன்று பத்து. நிழல் கட்டைவிரல் நகமளவு.
ஒன்று பதினைந்து. சுண்டுவிரல் நகம்.
ஒன்று இருபதுக்கு மேகம்,
கொம்தாரைத் தாண்டி, கறுப்பாக,
அவசரமே இல்லாமல்.

ஒன்று இருபத்திரண்டுக்குப் போத்தலுக்கு நிழல் இல்லை.
எனக்கு இல்லை, தில் பகதூருக்கு இல்லை,
முதலாளியின் காருக்கு இல்லை,
கொடிக்கம்பத்துக்கும் இல்லை.
எது சூரியன் செய்தது, எது மேகம் செய்தது,
பிரித்துச் சொல்ல ஆளில்லை.

பிறகு மழை.
அவன் கூண்டுக்குள் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம்.
ஈரக் கையோடு புத்தகத்தைத் திறந்து எழுதினேன்:
வளர்பிறை சப்தமி. வந்ததா தெரியாது. போயிருந்தேன்.

"அடுத்தது எப்போது?" என்றான்.
செப்டம்பர் என்றேன், அவன் வசதிக்காக.
அவன் விரல் மடக்கி எண்ணினான்.
"ஓ, பதௌ மாசம்" என்றான்.
"அப்போது எனக்கு ராத்திரி ஷிஃப்ட்."